கிராஸ் கன்ட்ரி ஸ்பிரிண்ட் பனிச்சறுக்கில், கிளேபோவைத் தவிர உங்களுக்குப் பிடித்த வீரர் யார்? ஏன்?

கிளேபோவைத் தவிர என்று கேட்டவர் நிபந்தனை போட்டது நல்லதாகப் போயிற்று. ஸ்பிரிண்ட் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் சாம்பியன் அவர். இல்லாவிட்டால் எல்லாரும் அந்த நார்வேக்காரர் பெயரையே எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். என் பதில் ரிஷார் ஜூவ். பிரான்ஸ் நாட்டவர், 1994இல் பிரியான்சோனில் பிறந்தவர்.

முதலில், எனக்கு இந்த விளையாட்டோடு என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்காக இரண்டு குளிர்காலம் பிரான்சின் கிரெனோபிள் நகரில் இருந்தேன். அங்கிருந்து பக்கத்து மலையில் ஓத்ரான் என்றொரு ஊர். 1968 ஒலிம்பிக்கின் கிராஸ் கன்ட்ரி போட்டிகள் நடந்தது அங்கேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு போய் வாடகைக்கு ஸ்கீ எடுத்தேன். மலைச்சரிவில் இறங்குவார்களே, அந்தத் தடித்த பலகை இல்லை இது. இரண்டு மூன்று விரற்கடை அகலம்தான் இருக்கும். பூட்ஸின் முன்நுனி மட்டும்தான் அதில் மாட்டும், குதிகால் சும்மா தொங்கும். பத்து அடி போனேன், விழுந்தேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கையுறைக்குள் போன பனி உருகி முழங்கை வரை ஓடியது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது, “முழங்காலை மடக்குங்கள், தம்பி” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து டிவியில் இந்தப் போட்டியைப் பார்த்தால் ஒரு தனி மரியாதை.

சரி, ஸ்பிரிண்ட். ஒன்றரை கிலோமீட்டருக்கு முன்னே பின்னே, மூன்று நிமிடம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த மூன்று நிமிடத்தை ஒரே நாளில் நான்கு தடவை ஓட வேண்டும். முதலில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு ஓடும் தகுதிச் சுற்று. அதில் முதல் 30 பேர் ஆறு ஆறு பேராகக் காலிறுதிக்குப் போவார்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இருவர் தப்பிப்பார்கள். தோற்றவர்களில் வேகமான நேரம் எடுத்த இருவருக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு. அப்புறம் அரையிறுதி, அப்புறம் ஆறு பேர் இறுதி. அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் மூச்சு வாங்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். முடிவுக் கோட்டில் காலை நீட்டிப் பாய்வார்கள். பூட்ஸ் நுனி எது முதலில் கடந்தது என்று போட்டோ பார்த்து முடிவு சொல்வார்கள்.

பிரான்ஸ் ஆல்பைன் பனிச்சறுக்குக்கு, அதாவது மலைச்சரிவில் இறங்கும் வகைக்குப் பேர் போன நாடு. கிராஸ் கன்ட்ரியில் ஒலிம்பிக் பதக்கம் என்பது 2006 வரை அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு டூரின் ஒலிம்பிக்கில், இத்தாலியின் பிராஜெலாட்டோவில், ஸ்பிரிண்ட் இறுதியில் ரோடி தராகோன் என்ற 22 வயதுப் பையன் வெள்ளி வாங்கினார். அவருக்கு முன்னால் ஒரு சுவீடன்காரர், பின்னால் இன்னொரு சுவீடன்காரர். பிரெஞ்சுக்காரர்களே எதிர்பார்க்கவில்லை. அதற்கப்புறம் தராகோனுக்கு அப்படி இன்னொரு ஒலிம்பிக் நாள் வாய்க்கவில்லை. ஜூவின் ஊரிலிருந்து பிராஜெலாட்டோ, மோன்ஜெனேவ்ர் கணவாயைத் தாண்டினால் காரில் ஒரு மணி நேரம். அப்போது ஜூவுக்கு 11 வயது.

தராகோனுக்கு ஒரே நாளில் எல்லாம் கூடி வந்தது. ஜூவ் கதை அதற்கு நேர் எதிர். தனியாகக் கழுத்தில் ஒலிம்பிக் பதக்கம் போட்டுக்கொண்டு நின்ற படம் அவருக்குக் கிடையாது. அவருடைய பெரிய பதக்கங்களில் மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் வெண்கலம், மூன்றுமே கூட்டாளிகளோடு வாங்கியவை.

முதலாவது 2018 பியோங்சாங். இருவர் மாற்றி மாற்றி ஆளுக்கு மூன்று சுற்று ஓடும் அணி ஸ்பிரிண்ட். ஜூவோடு ஓடியவர் மொரீஸ் மனிஃபிகா. அவர் நெடுந்தூர ஆள், அப்போதே அணியில் மூத்தவர். நார்வேக்குத் தங்கம், ரஷ்ய வீரர்களுக்கு வெள்ளி, இவர்களுக்கு மூன்றாவது இடம். பதினாறு நிமிட ஓட்டத்தில் முதல் மூன்று அணிகளுக்கும் நடுவே சுமார் இரண்டே வினாடி.

மற்ற இரண்டும்தான் எனக்கு வேடிக்கை. 2019 சீஃபெல்ட் உலகப் போட்டியிலும் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் அவர் வெண்கலம் வாங்கியது 4x10 கிலோமீட்டர் தொடரோட்டத்தில். மூன்று நிமிட ஆள் பத்து கிலோமீட்டர் ஓடுகிறார்! சீஃபெல்டில் கடைசி ஆளாக விட்டார்கள். முடிவில் முட்டி மோத வேண்டி வந்தால் ஸ்பிரிண்டர் கையில் இருப்பது நல்லது என்று கணக்கு. பெய்ஜிங்கில் முதல் ஆள். அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது, தடம் மந்தம். வென்ற அணிக்கே 1 மணி 54 நிமிடம் ஆனது. முதல் ஆளின் வேலை ஜெயிப்பது இல்லை, அறுந்துபோகாமல் ஒப்படைப்பது. ஜூவ் அணித்தோழர் ஹ்யூகோ லப்பாலுவிடம் கொடுத்தார், லப்பாலு கிளெமான் பாரிஸிடம், அவர் மனிஃபிகாவிடம். ரஷ்யாவும் நார்வேயும் முன்னால் போக, மூன்றாவதாக வந்தார்கள். நான் அதை ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை.

அதே சீசனில்தான் அவர் தனியாக வாங்கிய பெரிய பரிசும் வந்தது: 2021-22 உலகக் கோப்பையின் ஸ்பிரிண்ட் கண்ணாடிக் கோளம், அதாவது சீசன் முழுக்கச் சேர்த்த புள்ளியில் முதலிடம் பெறுபவருக்குத் தரும் கோப்பை. கிராஸ் கன்ட்ரியில் அதுவரை எந்தப் பிரெஞ்சுக்காரரும் கோளம் வாங்கியதில்லை. இது ஒரு நாள் பரிசு இல்லை, வரவுசெலவுப் புத்தகம் மாதிரி. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் புள்ளி. அப்போதைய கணக்கில் முதலிடத்துக்கு 100, இரண்டாவதுக்கு 80, மூன்றாவதுக்கு 60, ஆறாவதுக்கு 40. இரண்டு தடவை ஜெயித்துவிட்டு மூன்று தடவை காய்ச்சலில் படுத்தவனைவிட, எல்லா வாரமும் இறுதிச் சுற்றில் நிற்பவன் மேலே போய்விடுவான்.

இங்கே ஒரு வாதம் வரும். கிளேபோ எல்லாப் போட்டிக்கும் வரவில்லை. பின்லாந்தின் ரூகாவில் சீசனின் முதல் ஸ்பிரிண்டை வென்ற தெரென்தியேவ் உட்பட ரஷ்யர்கள், உக்ரைன் போரால் மார்ச்சில் விலக்கப்பட்டார்கள். ரஷ்யாவின் தியுமேனில் நடக்க இருந்த சீசனின் கடைசிப் போட்டிகளே ரத்து. அதனால்தான் ஜூவுக்குக் கிடைத்தது என்பார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். நோய், விமானம், அரசியல், ஸ்கீயின் அடியில் பூசும் மெழுகு சரியாகப் பிடிக்காத காலைப்பொழுது என எல்லாம் சேர்ந்ததுதான் சீசன். வராதவனுக்குப் புள்ளி கிடையாது என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்த விதி. வந்தவர்களிலும் முப்பது பேர் இருந்தார்களே!

ஜூவைப் பற்றிப் பேசும்போது லூக்கா ஷனவாவை விட முடியாது. அதே நாடு, அதே 1994இல் பிறந்தவர். காலைப் பக்கவாட்டில் உந்தி ஓடும் ஸ்கேட்டிங் பாணியில் தகுதிச் சுற்றில் இவர் வேகம் பயங்கரம். இறுதியில் தொடக்கத்திலேயே முன்னால் பாய்ந்துவிடுவார், கடைசி மேட்டில் பின்னால் வந்தவர்கள் விழுங்கிவிடுவார்கள், அதைப் பார்க்கவே மனசு பதைக்கும். அவர் ஜெயிக்கும் நாளில் அந்தப் பாய்ச்சல் அப்படியே கோடு வரை போகும். ஜூவ் அப்படி இல்லை. மூன்றாவது நான்காவது ஆளாக ஒட்டிக்கொண்டு வருவார். தவிர, இரண்டு தடத்தில் நேராக ஓடும் கிளாசிக் பாணியும் அவருக்குக் கை வந்தது. கோளத்துக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் சீசனில் இரண்டு பாணியும் மாறி மாறி வரும்.

பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. நேராக இறுதிச் சுற்றுக்குத் தாவாதீர்கள், காலிறுதியிலிருந்து பாருங்கள். தடத்தின் ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். தோற்றாலும் நல்ல நேரம் எடுத்த இருவர் மேல்சட்டையைப் போர்த்திக்கொண்டு அதில் உட்கார்ந்து, அடுத்த குழு மெதுவாக ஓட வேண்டுமே என்று திரையை முறைத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த குழு வேகமாக ஓடிவிட்டால் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.