கம்பை வீசாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள்

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஒன்பதடி ஃப்ளை ராட் (போலி ஈயை முள்ளில் கட்டி வீசி மீன் பிடிக்கும் கம்பு) வாங்கினேன். ஊட்டிக்கு அருகே அவலாஞ்சி பக்கம் சின்ன ஓடையில் வீசினால் முள் பின்னாலுள்ள புதரில் மாட்டுகிறது, மீனும் ஓடிவிடுகிறது. அடுத்த முறை கூட்டிப்போகிறேன், பர்மிட் என் பொறுப்பு என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

உங்கள் கையில் குறையில்லை. தலைக்கு மேல் சுழற்றி வீசுவது ஏரிக்கரைக்குத்தான் சரி. ஓடைக்கு ஏழடி ராட் வசதி. ஆனால் இருப்பதை விற்க வேண்டாம். ஈயை முள்ளின் வளைவில் இரண்டு விரலால் பிடித்து, கம்பை வில் போல வளைத்து, ஈயை விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து அடி போகும், ஓடையில் அதற்கு மேல் எதற்கு?

மீன் ஓடுவதற்குக் காரணம், நீங்கள் மேலிருந்து இறங்கி வருவது. ட்ரவுட் என்ற இந்தக் குளிர்நீர் மீன் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து இரைக்காக நிற்கும். கீழிருந்து, குனிந்து, அதன் முதுகுப் பக்கமாக வாருங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மழைக்குப் பின் நீர் கலங்கியிருந்தால் மேலிருந்தும் போடலாம். கலங்கல் என்றால் முழங்கால் ஆழத்தில் உங்கள் பாதம் தெரியக்கூடாது, பால் விட்ட டீ மாதிரி இருக்க வேண்டும். சோலைக்குள்ளிருந்து வரும் கருப்பட்டி நிற நீரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அது மட்கிய இலையின் சாயம், நீர் தெளிவாகத்தான் இருக்கும். மீன் உங்கள் தொப்பி வரை பார்க்கும்.

சரி, அந்த ஆள். கொடுக்காதீர்கள். மீன் பிடிக்க மீன்வளத் துறையைக் கேட்க வேண்டும். காட்டுக்குள் கால் வைக்க வனத்துறையைக் கேட்க வேண்டும். ஒன்று கையிலிருப்பதால் மற்றது கிடைத்ததாகாது. இந்தச் சந்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். என்னிடமும் ஒருவர் ஒரு தாளை நீட்டினார். வேறு யாருக்கோ, வேறு ஏதோ நீருக்குக் கொடுத்த பழைய ரசீதின் ஜெராக்ஸ் அது. வனக்காவலர் வந்து கேட்டபோது ஆளையும் காணோம், பைக்கையும் காணோம், நான் மட்டும் தூண்டிலோடு நின்றேன். “முக்குருத்திக்குள் தெரிந்தவர் இருக்கிறார்” என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது தேசியப் பூங்கா. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் யாருடைய தெரிந்தவரையும் பார்க்காது.

மதராஸ் அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் இந்த நீலகிரி மலைக்கு வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் இரண்டு துறையையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க ஆளில்லை. ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொல்வார், அவர் திங்கட்கிழமை வரச் சொல்வார்.

அலைந்துதான் ஆக வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரமே ஊட்டிக்கு வாருங்கள். தாளில் உங்கள் பெயர், தேதி, நீரின் பெயர் மூன்றும் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே படித்துப் பார்த்து, அப்புறம் தங்கும் அறைக்குப் பணம் கட்டுங்கள்.