திரும்பப் பெறப்பட்ட நட்ஸை மறுபடி வறுத்துச் சாப்பிடலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து மகளின் பிரசவத்துக்குத் துணையாக அட்லாண்டா வந்திருக்கிறேன். அவளுக்கு இது ஆறாம் மாதம். போன வாரம் வாங்கிய வறுத்த முந்திரி, பாதாம், வேர்க்கடலைக் கலவையில் லிஸ்டீரியா கிருமி இருக்கக்கூடும் என்றும், சரக்கைத் திரும்பப் பெறுவதாகவும் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பாக்கெட்டுகளைப் பிரித்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டேன். உறைகள் குப்பைக்குப் போய்விட்டன. மகளும் இரண்டு நாள் சாப்பிட்டாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீதியை வாணலியில் நன்றாக வறுத்துப் பயன்படுத்தலாமா? ஊருக்குக் கொண்டுபோக வாங்கி வைத்த, பிரிக்காத பாக்கெட்டுகளை என்ன செய்வது?

பதில்: வறுக்க வேண்டாம், டப்பாவில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், மகளைப் பற்றிய செய்திதான் முதலில் வேண்டியது.

லிஸ்டீரியா மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். கர்ப்பிணிக்கு அப்படியல்ல: தாய்க்கு லேசான காய்ச்சலும் உடல்வலியும் மட்டுமே தெரியும்போதே கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை எட்டிவிடலாம், கருச்சிதைவோ குறைப்பிரசவமோ நேரலாம். ரத்தத்தில் கலக்கும் இந்த நோய் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும் என்றாலும், பத்து வாரம் கழித்து வெளிப்படுவதும் உண்டு. ஆகவே ‘இரண்டு நாளாக ஒன்றும் இல்லை’ என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகக் கலங்கவும் தேவையில்லை, ஏனெனில் திரும்பப் பெறும் சரக்கின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கிருமி இருக்கும் என்பதில்லை. மகள் கடைசியாகச் சாப்பிட்ட தேதியைக் குறித்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் இன்றே தெரிவியுங்கள். அறிகுறி எதுவும் இல்லாத கர்ப்பிணிக்குப் பரிசோதனையோ மருந்தோ தேவையில்லை என்பதே அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். காய்ச்சல் 100.6 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மட்டும் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்று, என்ன சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று சொல்லுங்கள்; ரத்தப் பரிசோதனை எடுத்து ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள். உங்களுக்கு 65 வயது கடந்திருந்தால் இதே கவனம் உங்களுக்கும் வேண்டும்.

இனி வாணலிக்கு வருவோம். ஈரமில்லாத பொருளில் கிருமி வாழாது என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. காய்ந்த முந்திரியிலும் கடலையிலும் லிஸ்டீரியாவும், உணவு வழியே பரவும் இன்னொரு கிருமியான சால்மோனெல்லாவும் பெருகுவதில்லை, ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கின்றன. காய்ந்த நிலையில் இருக்கும் பாக்டீரியா, ஈரத்தில் இருப்பதைவிட வெப்பத்தைப் பல மடங்கு தாங்கும். பருப்பில் இருக்கும் எண்ணெய்ப்பசையும் அதற்குக் கவசமாகிறது. கலிஃபோர்னியா பாதாமைக் கிருமிநீக்கம் செய்தே விற்க வேண்டும் என்ற விதி, பச்சைப் பாதாமால் சால்மோனெல்லா நோய் பரவியதை அடுத்து, 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எண்ணெயில் வறுக்கும் ஆலைகளுக்கு அங்கே ஏற்கப்பட்ட அளவு, 127 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்தச் சூடு ஒவ்வொரு பருப்பையும் எட்டுகிறதா என்பதையும் ஆலை சோதித்துக் காட்ட வேண்டும். வீட்டு வாணலியில் அடியில் கிடப்பது கருகும் வேளையில் மேலே கிடப்பது வெதுவெதுப்பாகவே இருக்கும். மணம் வந்துவிட்டது, நிறம் மாறிவிட்டது என்பவை கிருமி செத்ததற்கு அடையாளம் ஆகா.

தவிர, உங்களிடம் வந்தது ஏற்கெனவே வறுத்த சரக்கு. வறுத்த கடலைக்குள் கிருமி எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் வறுத்த பிறகுதான். 2007-இல், நீங்கள் இருக்கும் அதே ஜார்ஜியா மாநிலத்தின் சில்வெஸ்டர் ஊரில் பீட்டர் பான் வேர்க்கடலை வெண்ணெய் தயாரித்த கான்அக்ரா ஆலையில் சால்மோனெல்லா நுழைந்ததற்கு, ஒழுகிய கூரையும் பழுதான தீயணைப்புத் தெளிப்பானும் தந்த ஈரமே காரணம் என்று அந்நிறுவனமே சொன்னது.

‘நாங்கள் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை’ என்பதற்கும் இதே ஊர்ப்பக்கத்தில் ஒரு கசப்பான பதில் இருக்கிறது. கிருமி சரக்கு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு கைப்பிடியில் இருக்கும், அடுத்ததில் இராது. அதே மாநிலத்தின் பிளேக்லி ஊரில் ஆலை வைத்திருந்த பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா, சால்மோனெல்லா இருப்பதாகச் சோதனையில் தெரிந்த சரக்கையும் வெளியே அனுப்பியது. 2008–09-இல் 46 மாநிலங்களில் 714 பேர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது, ஒன்பது பேர் இறந்தனர். அதன் தலைவருக்கு 2015-இல் 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

உங்கள் உண்மையான சிக்கல் அந்த எவர்சில்வர் டப்பா. நம் வீடுகளில் பாக்கெட் வந்த கையோடு டப்பாவுக்கு மாறிவிடும், உறை குப்பைக்குப் போய்விடும். அதோடு அந்தச் சரக்கின் அடையாளமும் போய்விடுகிறது. திரும்பப் பெறும் அறிவிப்பு ஒரு பிராண்டை முழுவதுமாகக் குறிப்பது அரிது. எடை, காலாவதி தேதி, லாட் எண் (ஒரே தொகுப்பாகத் தயாரான சரக்குக்கு இடும் எண்) என்று குறுக்கிச் சொல்லும். 2024 மே மாதம் லிஸ்டீரியா ஐயத்தால் பிளான்டர்ஸ் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டபோது, தேன் தடவி வறுத்த கடலையின் 4 அவுன்ஸ் பாக்கெட்டும் 8.75 அவுன்ஸ் கலவை டப்பாவும் மட்டுமே, அவையும் ஐந்து தென்கிழக்கு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டவை மட்டுமே, பட்டியலில் இருந்தன. 2022-இல் ஜிஃப் வேர்க்கடலை வெண்ணெய்க்கு லாட் எண் 1274425 முதல் 2140425 வரை என்று அறிவித்தார்கள். முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, கடைசி 425 கென்டக்கியின் லெக்சிங்டன் ஆலை. 425 என்று முடியாத எண் அந்த வரம்புக்குள் விழுந்தாலும் அந்தப் பாட்டிலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. உறை இல்லாத டப்பாவுக்கு இந்தச் சலுகை கிடையாது, சந்தேகத்தின் பேரில் முழுவதையும் கொட்டத்தான் வேண்டும். இனிமேல் உறையில் லாட் எண்ணும் தேதியும் உள்ள துண்டைக் கத்தரித்து டப்பாவுக்குள் போட்டுவையுங்கள்.

கொட்டும்போது பையில் கட்டி மூடிய தொட்டியில் போடுங்கள். டப்பா, கரண்டி, பொடித்திருந்தால் மிக்ஸி ஜார், அதன் ரப்பர் வளையம் ஆகியவற்றைச் சோப்பும் சுடுநீரும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். அந்தக் கலவையை ஊறவைத்து அரைத்த விழுதோ சட்னியோ ஃப்ரிட்ஜில் இருந்தால் அதைத்தான் முதலில் அப்புறப்படுத்த வேண்டும்: காய்ந்தபோது சும்மா கிடந்த கிருமி நீர் பட்டதும் பெருகத் தொடங்கும், லிஸ்டீரியா ஃப்ரிட்ஜின் குளிரிலும் பெருகும். ஃப்ரிட்ஜுக்குள் சட்னி இருந்த அடுக்கையும் துடைத்துவிடுங்கள்.

பிரிக்காத பாக்கெட்டுகளின் எண்ணை அறிவிப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் கடையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். உறை போன பாக்கெட்டுகளுக்கும் ரசீதையோ மின்னஞ்சலையோ காட்டிக் கேட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள், ஆனால் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரு ஆலையில் ஆய்வு தொடரும்போது திரும்பப் பெறும் பட்டியல் பின்னர் நீள்வது வழக்கம். மதுரையில் அக்கம்பக்கத்தாருக்குப் பிரித்துக் கொடுத்த ‘அமெரிக்கா பாதாமை’த் தேடி எந்தக் கடையின் மின்னஞ்சலும் வராது; நீங்கள்தான் போன் செய்து சொல்ல வேண்டியிருக்கும்.