பழைய வீட்டைப் புதுப்பிக்க 20 ஆண்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் வயது 42. 35 ஆண்டு பழைமையான அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடன் பெற்று ஒரு வீட்டை வாங்கினோம். முழுவதையும் புதுப்பிக்க ஒப்பந்ததாரர் கொடுத்துள்ள மதிப்பீட்டை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், தரைக்கு 25, மாடுலர் கிச்சனுக்கு 25, பொய்க்கூரைக்கும் வண்ணப்பூச்சுக்கும் 23, குளியலறைகளுக்கும் குழாய்களுக்கும் 15, ஒயரிங்குக்கு 8, குளியலறைக் கூரையில் பெயர்ந்த பூச்சைச் சரிசெய்ய 4 என்று பிரித்திருக்கிறார். எங்கள் மொத்தச் சேமிப்பு 45 பங்கு. மாதச் செலவு, தவணையும் சேர்த்து, இரண்டரைப் பங்கு. மீதி 55 பங்கை 9 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் டாப்-அப் கடனாக, அதாவது இருக்கும் வீட்டுக் கடனின்மேல் கூடுதல் கடனாக, வங்கி தருகிறது. கடனே வேண்டாம், ஓய்வுக்கால நிதியிலிருந்து எடுத்துக்கொள் என்கிறார் என் அண்ணன். எது சரி? செலவழித்த பணம் வீட்டின் மதிப்பில் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் மதிப்பீட்டில் என்னைக் கவலைப்பட வைத்தது கடைசியாக, மிகச் சிறிய தொகையுடன் எழுதப்பட்டிருக்கும் அந்த நான்கு பங்குதான். ஆகவே கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவோம்.

குளியலறைக் கூரையில் பூச்சு பெயர்வது பெரும்பாலும் பூச்சின் குறை அன்று. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து பல ஆண்டுகளாகக் கசிந்த நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் உள்ளிருந்தே பிளந்து வெளியே தள்ளப்படுகிறது. அதன்மேல் புதிய பூச்சைப் பூசினால் அடுத்த சில ஆண்டுகளில் அதுவும் விழும். அதற்குள் அதன் கீழே பொய்க்கூரையும் அமைத்துவிட்டீர்களானால், சேதம் வளர்வது உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போகும். ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, பெயர்ந்த இடத்தில் பினாஃப்தலீன் கரைசல் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறினால், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் அதன் காரத்தன்மை இன்னும் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால், கம்பிக்கு அது அளித்துவந்த பாதுகாப்பு அந்த ஆழம் வரை போய்விட்டது என்று பொருள். இந்த ஆய்வுக்கான கட்டணம் மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதியாகவே இருக்கும், ஆனால் மீதி முழுத் தொகையும் எங்கே போக வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும்.

மேல்வீட்டின் கசிவு நிற்காமல் உங்கள் பக்கம் மட்டும் பழுதுபார்ப்பது பணத்தை நீரில் விடுவதே ஆகும். இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள தளம் யாருடைய பொறுப்பு, அதன் செலவு எவ்வாறு பங்கிடப்படும் என்பவை உங்கள் பத்திரத்திலும் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளிலும் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. நீங்கள் தனியாகச் சுமக்க எண்ணியிருக்கும் செலவில் ஒரு பகுதி சட்டப்படி உங்களுடையதாகவே இல்லாமலும் இருக்கலாம். கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு உரிமையாளர்களிடையே நடக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள். அப்படி ஒன்று இருந்தால், பாதுகாப்புக்கு அவசியமானதைத் தவிர வேறு எதற்கும் இப்போது செலவழிக்க வேண்டாம்.

இனி கடனுக்கு வருவோம். 9 விழுக்காடு என்ற வட்டி குறைவாகத் தோன்றுகிறது, ஆனால் 55 பங்கை 20 ஆண்டுகளில் கட்டி முடிக்கும்போது நீங்கள் செலுத்தியிருக்கும் தொகை ஏறத்தாழ 119 பங்கு, அதாவது முழு மதிப்பீட்டையும் விட அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க, 100 பங்குக் கடனை 12 விழுக்காட்டில் 5 ஆண்டுகளில் அடைத்தால் மொத்தம் சுமார் 133 பங்கு ஆகும். 9 விழுக்காட்டில் 20 ஆண்டுகள் கட்டினால் 216 பங்கு ஆகும். வட்டி விகிதத்தைக் காட்டிலும் கடனின் ஆயுள்தான் இங்கே உங்களைச் சுடுகிறது. சமையலறை அலமாரிகளின் கதவும் கீலும் தேய்ந்து, அவற்றை மாற்ற வேண்டிய காலத்திலும், வண்ணப்பூச்சை இரண்டு மூன்று முறை புதுப்பித்த பின்னும், முதல் பூச்சுக்கான தவணையை 62 வயதுவரை கட்டிக்கொண்டிருப்பீர்கள். எந்த வேலைக்கும், அது நீடிக்கும் காலத்தைத் தாண்டும் கடனை வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை.

உங்கள் அண்ணன் சொல்லும் வழி அக்கறையோடு சொல்லப்பட்டது என்றாலும் அதை நான் ஏற்கவில்லை. ஓய்வுக்கு 18 ஆண்டுகள் இருப்பதாகக் கொண்டால், இன்று எடுக்கும் ஒரு பங்கு, ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ந்திருந்தால், அப்போது கிட்டத்தட்ட நான்கு பங்காகியிருக்கும். கடனுக்குத் தவணை கேட்டு வங்கி எழுதும், நாமும் கட்டுவோம். ஓய்வுக்கால நிதியில் விழுந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி யாரும் எழுதமாட்டார்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான். 45 பங்கில், ஆறு மாதச் செலவான 15 பங்கைத் தொடாமல் வைத்துவிடுங்கள். மீதியுள்ள 30 பங்குடன் மறைந்திருக்கும் வேலைகளை மட்டும் இப்போது செய்யுங்கள்: கூரைக் கான்கிரீட், நீர்க்கசிவுத் தடுப்பு, குழாய்கள், ஒயரிங். கூரைக்கு நான்குக்குப் பதிலாக 10 பங்கு என்று கணக்கிட்டால் இவற்றுக்கு 33 பங்கு ஆகும். பழைய சுவரை உடைத்த பிறகுதான் தெரியவரும் செலவுகள் எப்போதும் உண்டு என்பதால், இன்னும் 20 விழுக்காடு சேர்த்து 40 பங்கு என்று கொள்ளுங்கள். குறையும் 10 பங்குக்கு அதே டாப்-அப் கடனைக் கேளுங்கள், ஆனால் தவணைக் காலம் 5 ஆண்டுகள் என்று தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். வங்கி அதற்கு இணங்காவிட்டால், முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, நீங்களாகவே கூடுதலாகக் கட்டி 5 ஆண்டுகளில் முடியுங்கள். இதற்கு மாதத் தவணை சுமார் 0.21 பங்கு, வங்கி சொன்ன திட்டத்தில் அது 0.49 பங்கு. இந்த வேறுபாட்டைத் தனிக் கணக்கில் சேர்த்துவந்தால் ஆண்டுக்கு மூன்று பங்குக்கு மேல் சேரும். சமையலறைக்கு அது போதாதுதான். ஆனால் அலமாரிகளின் உடல் பகுதி உறுதியாக இருந்தால் கதவுகளையும் மேடைக்கல்லையும் மட்டும் மாற்றலாம், அதற்கு முழுச் செலவு ஆகாது.

ஒயரிங் மாற்றும்போது, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைக் கட்டாயம் பொருத்துங்கள்; அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தரையைப் பொறுத்தவரை, இருப்பது மொசைக் தரையானால் அதைத் தேய்த்து மெருகேற்றினாலே போதும் என்று எண்ணுகிறேன். பழைய தரையின்மேல் 50 மில்லிமீட்டர் கலவை போட்டு 20 மில்லிமீட்டர் கருங்கல் பதித்தால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 150 கிலோ எடை கூடுகிறது. 35 ஆண்டுத் தளத்தின்மேல் அந்தச் சுமையைப் பொறியாளரின் ஒப்புதலின்றி ஏற்றவே கூடாது.

வீட்டின் மதிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய கட்டடத்தில் விலையின் உச்சவரம்பைப் பெரும்பாலும் கட்டடத்தின் நிலையும் இருப்பிடமும்தான் முடிவு செய்கின்றன; நீங்கள் விரும்பித் தேர்ந்த அலங்காரத்துக்கு வாங்குபவர் முழு விலை தருவார் என்று கணக்குப் போடாதீர்கள். கசிவும் துருவும் உள்ள வீட்டுக்கு விலையைக் குறைப்பதற்கோ அவர் தயங்கமாட்டார். விற்கும் எண்ணமின்றி நீங்களே வாழப்போகும் வீடு என்றால், சமையலறை உங்கள் மகிழ்ச்சிக்கான செலவு. அதை அவ்வாறே ஏற்று, சேமித்த பணத்தில் செய்வதில் தவறேதும் இல்லை.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், பணம் முடிந்த வேலைக்கு மட்டும் கட்டம் கட்டமாகத் தரப்பட வேண்டும். குளியலறைகளில் ஓடு பதிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதித்த பிறகே அந்தக் கட்டத்துக்கான தொகையைக் கொடுங்கள். மொத்தத்தில் 5 முதல் 10 விழுக்காட்டை நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் கடந்து கூரை உலர்ந்தே இருப்பதைப் பார்த்த பின் விடுவிப்பதாகக் கையெழுத்திடும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.