முட்டையில் பொத்தல் விழுந்தும் குஞ்சு வெளியே வரவில்லையே, உடைத்து எடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருக்கிறோம். முதல்முறையாக இன்குபேட்டர் வாங்கி 12 நாட்டுக்கோழி முட்டை வைத்தேன். நேற்றோடு 21 நாள் முடிந்தது. மூன்று குஞ்சு வந்துவிட்டது. நான்கு முட்டையில் நேற்று சாயங்காலம் சின்னப் பொத்தல் விழுந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதில் ஒன்று கூர்முனைப் பக்கம் கொத்தியிருக்கிறது. உள்ளே கத்துகிற சத்தம் கேட்கிறது. உரித்து எடுத்துவிடு, இல்லாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எடுக்கலாமா?

பதில்: உங்களுக்கு அன்றிரவே போனில் சொல்லிவிட்டேன், தொடாதீர்கள் என்று. இங்கே விரிவாக எழுதக் காரணம், மலையில் முதல்முறை முட்டை வைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். அந்த அக்கா சொல்வது அக்கறையில்தான். ஆனால் அந்த அக்கறையில்தான் பாதிக் குஞ்சுகள் செத்துப்போகின்றன.

அவித்த முட்டையை உரிக்கும்போது மொட்டைப் பக்கத்தில் ஒரு குழி இருக்குமே, அதுதான் காற்றறை. 19, 20-ஆம் நாளில் குஞ்சு முதலில் அந்த அறைக்குள் அலகை நீட்டி மூச்சு விடுகிறது. அதுவரை அதன் நுரையீரலுக்கு வேலையே இல்லை. ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வில் ஓடுகிற ரத்தக்குழாய்கள்தான் காற்றை வாங்கித் தந்துகொண்டிருந்தன. அறையில் இருக்கும் காற்று போதாமல் போனதும் வெளி ஓட்டில் கொத்துகிறது. நீங்கள் பார்த்த பொத்தல் அது.

பொத்தல் போட்டபின் குஞ்சு சும்மா கிடப்பதுபோலத் தெரியும். அந்த நேரத்தில்தான் சவ்வில் இருக்கும் ரத்தம் குஞ்சின் உடம்புக்குத் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுபடுகிறது. இதற்கு 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அது முடிந்ததும், உள்ளேயே மெல்லச் சுற்றிக்கொண்டு, மொட்டைப் பக்கத்தை மூடி திறக்கிற மாதிரி வட்டமாக வெட்டிவிட்டு, உதைத்து வெளியே வரும். அந்தக் கடைசிக் கட்டம் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அவசரப்பட்டு ஒன்றை உரித்திருக்கிறேன். சவ்வை இழுத்ததும் தையல் நூல் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு அறுந்தது, ரத்தம் என் கட்டைவிரல் மடிப்பில் வந்து தேங்கியது. குஞ்சின் அடிவயிற்றில் கோலிக்குண்டு அளவுக்கு மஞ்சள் கரு உள்ளே போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம்கூட அது உயிரோடு இல்லை. இன்னும் ஐந்தாறு மணி நேரம் விட்டிருந்தால் தானாக வந்திருக்கும்.

சரி, நான்கு முட்டையும் ஒரே நேரத்தில் நின்றுபோனது எதனால்? நீங்கள் போனில் சொன்ன ஒரு விவரத்தில் பதில் இருக்கிறது. முதலில் வந்த மூன்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தீர்கள். மூன்று முறை மூடி திறந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்த ஈரக்காற்று போய், வெளிக்காற்று புகுந்தது. பொத்தல் போட்ட முட்டையின் சவ்வு அப்படித்தான் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. இரண்டு நாள் தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். ஒரு நாள் முழுக்க உள்ளேயே விடுங்கள். அதன் சத்தமே மற்ற முட்டைகளை உசுப்பும்.

மலைக்காரர்கள் ஏமாறுகிற இடம் இந்த ஈரம்தான். "வெளியே எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி, உள்ளே தண்ணீர் எதற்கு?" என்று இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டைக் காயவிட்டு விடுகிறார்கள். 12 டிகிரி குளிரில் இருக்கிற மூடுபனிக் காற்றை உள்ளே இழுத்து 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் நூறிலிருந்து கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். காற்று சூடாகச் சூடாக அதன் தாகமும் கூடும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் சமவெளியைவிட வேகமாக வெளியேறும். சமவெளிக்காரர்களுக்கு எழுதிய துண்டறிக்கையை அப்படியே அச்சடித்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அனுப்புகிறவர்கள் இதை ஒரு வரியாவது சேர்க்கக் கூடாதா? மழைக்காலத்தில் தண்ணீர்த் தட்டு தேவையில்லை என்று அச்சிட்ட தாளை என் கையாலேயே விநியோகித்திருக்கிறேன். திருத்தச் சொல்லி எழுதினேன். அடுத்த வருடமும் அதே தாள்தான் வந்தது.

முதல் 18 நாள் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு, கடைசி மூன்று நாள் 65 முதல் 70. பதினெட்டாம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பாஞ்சுத் துண்டையும் நனைத்து வைத்து மூடியவர், பிறகு திறக்கவே கூடாது. ஈரப்பத மீட்டரை நம்ப முடியாவிட்டால் தராசை நம்புங்கள். வைக்கும்போது 12 முட்டையும் சேர்ந்து 540 கிராம் என்றால், 18-ஆம் நாள் 470-க்கும் 480-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கியிருந்தால் காய்ந்துவிட்டது, 500 காட்டினால் ஈரம் அதிகம். முட்டையில் காற்றறை சிறுத்துப்போய், குஞ்சு தண்ணீரில் முங்கிய மாதிரி உள்ளேயே செத்துவிடும்.

குளிர் என்று இன்குபேட்டரின் காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்காதீர்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இங்கே குறைவு. குஞ்சு மூச்சு விடத் தொடங்குகிற அந்தக் கடைசி மூன்று நாளில்தான் காற்று அதிகம் தேவை. துளையைத் திறந்து வைத்து, தண்ணீரைக் கூட்டுங்கள். கரி அடுப்பு மூட்டுகிற அறையில் இன்குபேட்டர் இருக்கவே கூடாது.

இனி அந்தக் கூர்முனை முட்டை. உடைக்காதே என்ற விதிக்கு நான் ஒத்துக்கொள்கிற ஒரே விலக்கு இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். காற்றறை மொட்டைப் பக்கம் இருக்கிறது என்றேன். இந்தக் குஞ்சு தலைகீழாகப் படுத்துவிட்டது. அதற்குக் காற்றறையே கிடைக்கவில்லை. பழகிக்கொள்ள நேரம் இல்லாமல், நேராக வெளிப் பொத்தலில்தான் முதல் மூச்சு. திரும்பிச் சுற்றவும் அந்த ஒடுங்கின பக்கத்தில் இடம் போதாது. தானாக வருகிற குஞ்சுகளும் உண்டு. அதனால் இதற்கும் பொத்தல் விழுந்து 24 மணி நேரம் முழுதாக விட வேண்டும். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த முட்டையைப் பொத்தல் மேலே பார்க்கும்படி திருப்பி வைப்பது. அலகு அடியில் அழுந்திக் கிடந்தால் மூச்சு முட்டிப்போகும்.

24 மணி நேரம் கழித்தும் பொத்தல் பெரிதாகவில்லை, கத்துவதும் இளைத்துவிட்டது என்றால், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அறை முழுக்க ஆவி பிடிக்கும்வரை காத்திருங்கள். கையைக் கழுவிச் சூடாக்கிக்கொண்டு, முட்டையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பொத்தலைச் சுற்றி ஓட்டை மட்டும் அரிசி அரிசியாகக் கிள்ளுங்கள், சவ்வை விட்டுவிடுங்கள். சவ்வு வெள்ளையாக, கொஞ்சம் ஈரமாக இருந்தால் இன்னும் நேரமாகவில்லை. வெங்காயச் சருகு மாதிரி பழுப்பாகிக் காய்ந்திருந்தால் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். காதுக் குச்சியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுச் சவ்வில் தடவுங்கள், மூக்குத் துளையில் படாமல். எண்ணெய் பட்டதும் சவ்வு கண்ணாடியாகும், அடியில் இருக்கிற நரம்பு தெரியும். சிவப்பாக ஒரு கோடு தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, முட்டையை இன்குபேட்டரில் வைத்து ஆறு மணி நேரம் கழித்து வாருங்கள். கோடு இல்லையென்றால் அலகும் மூக்கும் வெளியே தெரிகிற அளவுக்குச் சவ்வை விலக்கினால் போதும். மறுபடி இன்குபேட்டர், மறுபடி காத்திருப்பு. தலை வெளியே வந்தபிறகும் குஞ்சைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்பாதி ஓட்டுக்குள்ளேயே இருக்கட்டும். தொப்புளில் நூல் போல ஏதாவது தொங்கினால் வெட்டாதீர்கள், காய்ந்து தானே விழும்.

நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள், இரண்டு தவணையாக. மற்ற மூன்றும் மறுநாள் விடிவதற்குள் தாமாக வந்துவிட்டன என்றும் சொன்னீர்கள்.

மிச்சம் ஐந்து முட்டை என்ன ஆனது என்று போனில் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். அவற்றைக் கொண்டுவந்து விற்றவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கேண்ட்லிங் செய்து (அதாவது வெளிச்சம் அடித்துப் பார்த்து) கரு உறுதி செய்த முட்டை" என்று ஒன்றுக்குக் கூடுதலாகப் பணம் வாங்கியிருக்கிறார். அடை வைக்காத முட்டையில் எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் கரு தெரியாது. விரிசலும் காற்றறையும்தான் தெரியும். கரு இருக்கிறதா என்பது ஐந்து, ஏழு நாள் சூட்டில் வைத்தபிறகுதான் சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரி விரிவதில் தெரியவரும். ஆக அவர் சொன்னது பொய், அல்லது ஏற்கனவே சில நாள் சூட்டில் வைத்துப் பாதியில் எடுத்து விற்றிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கூர்மையான முட்டை சேவல், உருண்டையானது பெட்டை என்று பொறுக்கித் தருகிறவரும் இதே கூட்டம்தான். முட்டையின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பண்ணை வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி "அசல் சிறுவிடை" நாட்டுக்கோழி முட்டை என்று விற்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியால் துடைத்ததும் துணி பழுப்பானது. அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது, முட்டையில் கரு எங்கிருந்து வரும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறி, மலை வளைவெல்லாம் குலுங்கி வருகிற முட்டையில் காற்றறை பிடிப்பு விட்டு ஆடும். வாங்கின உடனே வைக்காமல், கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு வையுங்கள். எப்போது இட்டது என்று கேளுங்கள், ஏழு நாளைத் தாண்டியது வேண்டாம். என்னைக் கேட்டால், உங்கள் தெருவிலேயே சேவலோடு கோழி மேய்கிற வீட்டில் வாங்குவதுதான் உத்தமம்.

இன்குபேட்டர் விற்கிறவர் "நூற்றுக்கு நூறு பொரிக்கும்" என்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். பெரிய பொரிப்பகங்களிலேயே வைத்ததில் 80, 85 விழுக்காடு வந்தால் நல்ல கணக்கு. அந்தப் பெட்டிகளில் இருக்கிற மலிவான சென்சார் ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டுவது சகஜம். ஒரு டிகிரி குறைந்தாலே பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போகும். கொதிக்கிற தண்ணீரில் 100 காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லும் வீடியோவை நம்பி மலையில் சரிபார்க்காதீர்கள். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மூடி, இரவு முழுக்க இன்குபேட்டரில் முட்டை மட்டத்தில் வையுங்கள். காலையில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை அந்தத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். விசிறி உள்ள பெட்டி என்றால் 37.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஈரப்பத மீட்டருக்கு, ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி குழைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். இதையெல்லாம் முட்டை வைப்பதற்கு முன் செய்ய வேண்டும், 21-ஆம் நாள் இரவில் அல்ல.

ஏழு குஞ்சும் காய்ந்து பூப்போல ஆனபின் அடுத்த கவலை வெள்ளைக்கழிச்சல் நோய். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. அதற்குத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. குப்பியில் நூறு டோஸோ அதற்கு மேலோ இருக்கும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஏழு குஞ்சுக்காரருக்காக ஒரு குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அடுத்த வாரம் வா, அதற்கடுத்த வாரம் வா என்று அலைய விடுவார்கள். வீட்டுப் பெண்கள் நாலைந்து கோழி வளர்ப்பதைத் திட்டங்களில் பேசுகிறவர்கள், சின்னக் குப்பி ஒன்று நம் கைக்குக் கிடைக்கும்படி செய்யக் கூடாதா? நீங்கள் காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவில் கோழி வைத்திருக்கிற வீடுகளை இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள், நாற்பது ஐம்பது குஞ்சு தேறினால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் காலையிலேயே எடுத்துப் போங்கள். மருந்துக் குப்பியைத் தனியாக வாங்கிவருவதாக இருந்தால் தெர்மாஸில் ஐஸ் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால் வீடு சேர்வதற்குள் அது வெறும் தண்ணீர்.