"கையெழுத்துப் போடலாமா சிஸ்டர்?" – குழந்தைகளும் மருத்துவ ஆய்வும்: கேள்வி பதில்

நான் பாலக்கோட்டுக்காரி. குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தேன். பிறகு பல ஆண்டுகள் மருந்து ஆய்வுகளில் பெற்றோரிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்கும் வேலை பார்த்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

காரிமங்கலம் அம்மா: ஆய்வுன்னா எம்புள்ள மேல மருந்தப் போட்டுப் பாக்கறதுதானே? எதுக்குங்க இந்த வேலையெல்லாம்?

உங்கள் பயம் நியாயமானது. விடை தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு. "இது சும்மா வைத்தியந்தான்" என்று மழுப்புகிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் பெரியவர்களிடம் சோதித்த மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால் அது குழந்தை மருந்தாகிவிடாது. பிள்ளையின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைக் கையாளும் விதமே வேறு. வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி, புனே, நம் பக்கத்து வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 கைக்குழந்தைகளிடம் பரிசோதித்த பிறகே 2014இல் அனுமதி கிடைத்தது. 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. கடுமையாகாத காசநோய் உள்ள பிள்ளைகளுக்கு 6 மாதம் வேண்டாம், 4 மாத மருந்தே போதும் என்று 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. அதில் சென்னைக் குழந்தைகளும் இருந்தார்கள். இரண்டு மாதம் மாத்திரை விழுங்காமல் தப்பிக்கும் பிள்ளைகள் யாரோ பெற்ற அந்தப் பிள்ளைகளுக்குக் கடன்பட்டவர்கள்.

ஓசூர் அப்பா: பெங்களூருல ஒரு ஆஸ்பத்திரியில பையனக் காட்டறோம். படிவம் இங்கிலீஷ்லயும் கன்னடத்துலயும் இருக்கு. இன்னிக்கே போடச் சொல்றாங்க.

இன்றைக்கே போடாதீர்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் படிவம் தருவது அவர்கள் கடமை. "தமிழ்ல குடுங்க" என்று கேளுங்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் தெலுங்கில் கேட்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்று தயங்காமல் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். மாட்டோம் என்றாலும் பையனுக்கு நடக்கிற வைத்தியம் நிற்கக் கூடாது.

பென்னாகரம் பாட்டி (பேத்தி எழுதியது): மகனும் மருமகளும் திருப்பூர்ல வேலையில இருக்காங்க. பேரன் எங்கிட்டதான் வளர்றான். நான் ரேகை வெச்சாப் போதுமா?

போதாது பாட்டி. வளர்ப்பது நீங்கள்தான் என்றாலும், ஆய்வுக்கு அப்பாவோ அம்மாவோ வர வேண்டும். அவர்கள் இல்லாத பிள்ளையென்றால் சட்டப்படியான காப்பாளர். ஆபத்து அதிகமுள்ள ஆய்வென்றால் இருவருமே ஒப்ப வேண்டி வரலாம். மகனுக்கு போன் போடுங்கள். ஊருக்கு வரும் வரை ஆய்வு காத்திருக்கட்டும்.

அரூர் பக்கத்து மலைப்பள்ளி ஆசிரியர்: விடுதிப் பிள்ளைகளிடம் ரத்தசோகை ஆய்வுக்கு ரத்தம் எடுக்கக் கேட்கிறார்கள். வார்டன் கையெழுத்து போதுமா?

இதைக் கேட்டதற்கு நன்றி சார். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆய்வுத் திட்டமாகப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் போட வேண்டிய இடத்தில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சில பிள்ளைகள் இறந்தபோது விவகாரம் வெடித்து, 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றே விசாரணை சொன்னது. ஊசியும் நல்ல ஊசிதான். ஆனால் கேட்காமல் போட்டதை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. மலையேறிப் போய் ஒவ்வொரு வீட்டிலும் கேட்பது சிரமம்தான். அந்தச் சிரமத்தை ஆய்வு செய்கிறவர்கள்தான் படவேண்டும். அதைத் தன் கையெழுத்தால் வார்டன் தீர்த்துவைக்கக் கூடாது.

எட்டாம் வகுப்பு மாணவி, ஊத்தங்கரை: அப்பா சரின்னுட்டார். எனக்கு இஷ்டமில்ல அக்கா.

அப்படியென்றால் உன்னைச் சேர்க்கக் கூடாது தங்கம். 7 வயதுக்கு மேல் பிள்ளையிடம் வாய்மொழியாகவாவது கேட்க வேண்டும். 12க்கு மேல் உன் கையெழுத்தும் வேண்டும். நோய்க்கு வேண்டிய ஊசி வேறு, அதை வேண்டாம் என்று சொல்லாதே. ஆய்வுக்கென்று எடுக்கும் கூடுதல் ரத்தத்தை வேண்டாம் என்று சொல்லலாம்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். அம்மா கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவன் எதுவும் பேசவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டான். "இஷ்டமில்லையா சாமி?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். அவன் பெயரை எடுத்துவிட்டோம். அதன்பிறகு பிள்ளைகளின் வாயை மட்டுமல்ல, கையையும் பார்த்தே கேட்டேன்.

பர்கூர் அப்பா: காசு ஏதும் உண்டுங்களா? புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?

பஸ் செலவும் வேலைக்குப் போகாத நாளின் கூலியும் கேட்கலாம். அதற்கு மேல் பெரிய தொகை காட்டினால் சந்தேகப்படுங்கள். புதிய மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் தர வேண்டும். பெரிய பாதிப்பென்றால் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்க நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு. படிவத்தில் அதன் போன் நம்பர் இருக்கும். குறைந்தது 7 பேர் கொண்ட குழு. தலைவர் அந்த ஆஸ்பத்திரிக்காரராக இருக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அங்கே கேளுங்கள். மருந்து ஆய்வு என்றால், இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் அதற்குள்ள எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2009 முதல் அப்படிப் பதிவது கட்டாயம்.

காவேரிப்பட்டணம் அம்மா: ஏற்கெனவே போட்டுட்டோம். இப்ப மனசு ஒப்பல. வெளிய வர முடியுமா?

எப்போது வேண்டுமானாலும் வரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். நாளைக்கே போய், "விலகிக்கறோம், மருந்த எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள்.