வோல்ட்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏன் கூடுகிறது?

வணக்கம் ஐயா,

களக்காடு பக்கம் எங்களுக்கு வாழைத்தோட்டம். 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், தகட்டில் 9 ஆம்பியர் போட்டிருக்கு. மீட்டர் பெட்டியிலிருந்து போர்வெல் 300 மீட்டர், 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் கேபிள். மோட்டார் போடாதப்போ போர்வெல் பக்கத்து ஸ்டார்ட்டரில் 400 வோல்ட் இருக்கு. போட்டதும் 350. டாங் டெஸ்டரில் 10.5 ஆம்பியர் காட்டுது. இந்த வருஷம் இரண்டு தடவை காயில் கருகிப்போச்சு. வோல்ட்டேஜ் குறைஞ்சா கரண்ட்டும் குறையத்தானே வேணும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அளவெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது.

வோல்ட்டேஜ் என்பது இரண்டு முனைகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாடு. கரண்ட் என்பது கம்பி வழியே போகும் ஓட்டம். வால்வை அடைத்த குழாயில் அழுத்தம் இருக்கும், தண்ணீர் போகாது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்த 400 அப்படிப்பட்டதுதான். ஓட்டம் வந்த பிறகே கம்பியின் தடை வோல்ட்டைத் தின்னத் தொடங்கும். ஆகவே அந்த 400-ஐ வைத்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நீங்கள் சொல்வது ஹீட்டருக்குச் சரி. 230 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டர் 4.3 ஆம்பியர் இழுக்கும். 180 வோல்ட்டில் 3.4 மட்டுமே. மோட்டார் வேறு. அதன் வேகத்தைப் பெரும்பாலும் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கிறது. வோல்ட்டேஜ் இறங்கினாலும் பம்பு ஏறக்குறைய அதே தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். வேலை குறையவில்லை, அழுத்தம் குறைந்தது. அதனால் ஓட்டம் கூடுகிறது. காயிலின் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும்: 9-க்குப் பதில் 10.5 ஓடினால் சூடு மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதைவிட ஆபத்து ஸ்டார்ட் ஆகும் நேரம். அப்போது ஐந்தாறு மடங்கு ஆம்பியர் ஓடும், கேபிளில் வோல்ட் இழப்பும் பல மடங்கு ஏறும். மோட்டாரின் முறுக்குவிசையோ வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு விழும். மணல் சிக்கிய பம்பு திரும்பாமல் நின்றால் காயில் அப்படியே வேகும்.

இனி கேபிள். 2.5 ஸ்கொயர் காப்பருக்குக் கிலோமீட்டருக்கு 7.4 ஓம், உங்கள் 300 மீட்டருக்கு 2.2 ஓம். 10.5 ஆம்பியர் ஓடும்போது மூன்று பேஸ் கணக்கில் சுமார் 32 வோல்ட் அதிலேயே போய்விடும். நீங்கள் இழந்த 50-ல் பெரும்பகுதி உங்கள் தோட்டத்துக்குள்தான் தொலைகிறது. 6 ஸ்கொயர் போட்டால் அந்த 32 வோல்ட் 13-க்கு இறங்கும். காயில் கட்டும் செலவை இரண்டு முறை கொடுத்தவர் முதலில் கேபிளை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

மீதி 18 வோல்ட் எங்கே போகிறது என்று உறுதி செய்ய, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டர் பெட்டியில் மூன்று பேஸையும் இரண்டிரண்டாக அளக்கச் சொல்லுங்கள். டாங் டெஸ்டரின் கவ்விக்குள் ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் விட வேண்டும். மூன்றையும் சேர்த்து விட்டால் பூஜ்யம் காட்டும். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து இரண்டு பேஸுக்கு நடுவே தொட்டால் ஷார்ட் ஆகிக் கையிலேயே வெடிக்கும், தெரிந்த வயர்மேனே இதைச் செய்யட்டும்.

ட்ரிப் ஆகிறதே என்று ஓவர்லோடு ரிலேயை (ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம்) 9-க்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் உடனே இறக்குங்கள். மீட்டர் பெட்டியிலும் வோல்ட் குறைவாகவே இருந்தால், மோட்டார் ஓடும்போது எடுத்த அளவை நேரத்தோடு எழுதி ஈபி பிரிவு அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள்.