மலையில் டவர் போடும் கணக்கு: நீலகிரியிலிருந்து கேள்வி பதில்

ஊட்டி வாசகர்: தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அங்கே பெரிய டவர் ஒன்று வைத்தால் சுற்றுவட்டாரம் முழுக்க சிக்னல் கிடைக்காதா சார்?

கிடைக்காது. உயரம் கூடினால் கவரேஜ் கூடும் என்பது சமவெளிக் கணக்கு. உச்சியில் வைத்த ஆன்டெனாவின் சிக்னல் காலடியில் உள்ள சரிவைத் தாண்டிப் போய்விடும். பக்கத்துப் பள்ளத்து ஹட்டிக்கு (படுகர் சிற்றூர்) ஒரு கோடுகூட வராது, மேட்டுப்பாளையம் பக்கத்துப் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் போனைச் சுற்றியுள்ள டவர்கள் இந்த செக்டாரின் (டவரில் ஒரு திசையைப் பார்க்கும் ஆன்டெனாப் பகுதி) நெய்பர் லிஸ்டில், அதாவது அழைப்பை மாற்றிவிடக்கூடிய அண்டை டவர்களின் பட்டியலில், இருக்காது. ஹேண்டோவர் (அழைப்பை அடுத்த டவருக்கு மாற்றுவது) நடக்காமல் கால் கட்டாகும். அதோடு, உள்ளூர்க்காரர்களுக்கு வேண்டிய கொள்ளளவையும் அது தின்றுவிடும். உச்சியைப் பேக்ஹாலுக்கு, அதாவது டவர்களை மைய நெட்வொர்க்கோடு இணைக்கும் இணைப்புக்கு, விடுங்கள். ஊருக்கு, எதிர்ச் சரிவில் வீடுகளைப் பார்த்தபடி 20, 30 மீட்டர் டவர் போதும்.

கோத்தகிரி வாசகர்: இருக்கும் டவரே தூரம் பாய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டைமிங் அட்வான்ஸ் (போன் டவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் எண்) பதிவுகளைப் பாருங்கள். 4ஜியில் ஒரு படி சுமார் 78 மீட்டர். ஊர் 2 கிலோமீட்டரில் முடிகிறது என்றால் 26 படிக்குள் அடங்க வேண்டும். 150-ல் போன்கள் தெரிந்தால் அவை கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன.

பிறகு டில்ட், அதாவது ஆன்டெனாவின் கதிரைக் கீழே சாய்க்கும் கோணம். ஊர் 1 கிலோமீட்டர் தள்ளி, ஆன்டெனாவுக்கு 150 மீட்டர் கீழே இருந்தால் கோணம் 8.5 டிகிரி. முதலில் எலக்ட்ரிக்கல் டில்ட்டை (ஆன்டெனாவை அசைக்காமல் கதிரை மட்டும் தாழ்த்துவது) பயன்படுத்துங்கள். ஆன்டெனாவையே சாய்க்கும் மெக்கானிக்கல் டில்ட் முன்பக்கத்தைத்தான் தாழ்த்தும், பின்பக்கக் கதிர் மேலே எழும்பிவிடும். மூன்று செக்டாருக்கும் ஒரே டில்ட் வைப்பதுதான் மலையில் அதிகம் பார்க்கும் தவறு. மேட்டைப் பார்க்கும் செக்டாருக்கு ஆன்டெனாவை மேல்நோக்கித் தூக்க வேண்டியும் வரலாம்.

கூடலூர் வாசகர்: 5ஜிக்கு 3500 மெகாஹெர்ட்ஸ் மட்டும் போதுமா?

போதாது. தடையே இல்லாத வெளியில்கூட 700 மெகாஹெர்ட்ஸைவிட 14 டெசிபல் கூடுதல் இழப்பு. மரமும் மேடும் வந்தால் இன்னும் மோசம். கவரேஜுக்கு 700 அல்லது 900, கூட்டம் சேரும் ஊட்டி பஸ் ஸ்டாண்ட் போன்ற இடங்களுக்கு 3500.

குன்னூர் வாசகர்: மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடுகிறதே, ஏன்?

மூடுபனி போன் அலைவரிசைகளைத் தொடுவதே இல்லை. குற்றவாளி பெரும்பாலும் ஆன்டெனா கேபிளின் கனெக்டருக்குள் புகுந்த ஈரம்தான். விஎஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) அலாரம் விடியலில் எழுந்து உச்சிவெயிலில் தானாக அடங்கினால் முதலில் அங்கேதான் தேடுங்கள். இந்த அளவு 1.5 என்றால் அனுப்பும் சக்தியில் 4 சதவீதம் திரும்பி வருகிறது என்று பொருள். அது ஏற ஏற, ரேடியோ தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைக்கும், கடைசியில் நிறுத்திவிடும்.

7/16 கனெக்டரை 25 நியூட்டன் மீட்டர், 4.3-10 கனெக்டரை 5 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள், கையழுத்தம் போதாது. ரப்பர் டேப்பின் மேல் பிவிசி டேப். கடைசிச் சுற்றைக் கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றினால் ஓடு வேய்ந்தது போலத் தண்ணீர் வழிந்துவிடும். ஜம்பர் கேபிள் (ஆன்டெனாவோடு இணைக்கும் குட்டைக் கேபிள்) கனெக்டருக்கு நேரே இறங்காமல் ஒரு வளைவு தாழ்ந்து ஏறட்டும்.

பர்லியாறு வாசகர்: மழைக்காலத்தில் மண் சரிந்தால் ஊரே துண்டிக்கப்படுகிறது. என்ன வழி?

ஃபைபருக்கு இரண்டு பாதை வேண்டும். குன்னூர் மலைப்பாதையில் ஒன்று, கோத்தகிரி சாலையில் ஒன்று. இரண்டும் ஒரே குழியில் போனால் ஒரே சரிவில் இரண்டும் போய்விடும். மூன்றாவதாக மைக்ரோவேவ், அதாவது டவருக்கு டவர் நேராகப் போகும் ரேடியோ இணைப்பு. 10 கிலோமீட்டர், 15 கிகாஹெர்ட்ஸ் இணைப்பின் நடுவில் ஃப்ரெனல் ஆரம் (நேர்க்கோட்டைச் சுற்றி அலைக்கு வேண்டிய இடத்தின் ஆரம்) 7 மீட்டர், அதில் 60 சதவீதமாவது திறந்திருக்க வேண்டும். வழியில் யூகலிப்டஸோ சில்வர் ஓக்கோ இருந்தால் அவை இன்னும் வளரும், அதற்கும் இடம் விடுங்கள். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கனமழை இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மஞ்சூர் வாசகர்: கரன்ட் போனாலும் டவர் ஓட பேட்டரி எவ்வளவு வேண்டும்?

2 கிலோவாட் சுமை 48 வோல்ட்டில் சுமார் 42 ஆம்பியர். 8 மணி நேரத்துக்கு 333 ஆம்பியர்-மணி. 80 சதவீதம்தான் வடிக்கலாம் என்று வைத்தால் 417. பழசாவதற்கும் சேர்த்து 600 போடுங்கள். லித்தியம் என்றால் பேட்டரி சூடேற்றி உள்ள வகையாக வாங்குங்கள். உறைபனி விழும் ஜனவரி இரவில் செல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக் கூடாது, ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.